பேட்டரி வயரைக் கழற்றிய கை

பெரிய காஞ்சிபுரத்தைத் தாண்டி ஊர் முடிகிற இடத்தில் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட் இருந்தது. அதில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த பிறகு கிடைத்த முதல் வேலை. கம்பெனிக்கு ஏழு பஸ்கள். ஆறு பழையவை. ஏழாவது, நான் சேர்ந்த அதே மாதம் வந்தது. அதில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைத்திருந்தார்கள்.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். எஞ்சின் சுற்றுகிற வேகத்திலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு ஏற்ற வேண்டும். உள்ளே மட்டும் வேறு வேறு. டைனமோ முரட்டுச் சாமான், எப்படிக் கையாண்டாலும் பொறுத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டருக்குள் டயோடு என்று பொத்தான் அளவில் ஆறு உருப்படிகள் உண்டு. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடுபவை. மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் அவை தாங்காது. அந்த ஏழாவது பஸ்ஸை உத்தேசித்துத்தான் என்னை எடுத்ததாக மானேஜர் சொன்னார். ஷெட்டில் எல்லோரும் அதையும் டைனமோ என்றே சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

அங்கே பதினாலு ஆண்கள், நான் ஒருத்தி. யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. நடந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும், நான் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மத்தியானம் அவர்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் குழம்பை இன்னொருவர் வாங்கி ஊற்றிச் சாப்பிடுவார்கள். நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து என் டப்பாவை முடித்துவிட்டுக் கழுவி வைப்பேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் டிப்ளமோம்மா.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டார் தங்களுக்குள் தெலுங்கில் பேசுவார்கள். என்னிடம் தமிழில் பேசுவார்கள், தண்ணீர் வந்ததா, விளக்கை அணைத்தாயா என்பதோடு சரி. கீழே தறி ஓடும் சத்தம் விளக்கு வைக்கும்வரை கேட்கும். எதையும் வரிசை போட்டு எழுதுவது எனக்குப் பழக்கம். ஒரு நாள் காலையிலிருந்து இரவுவரை நான் வாய்திறந்து பேசிய வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். பதினொன்று. அதில் நான்கு ‘சரி’.

அந்த வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து நான்காம் நாள் காலையில் வெயில் வந்தது. மழை விட்ட முதல் காலை நெசவாளர் தெருக்களில் வண்டி போகாது. பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைப் பாவாகத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழைகளைப் பிரித்து உலர்த்த வேண்டும். மழையில் தேங்கிப் போன பாவுகளை எல்லா வீட்டாரும் அந்த ஒரே காலையில் வெளியே கொண்டுவந்து விடுவார்கள். பாவு கிடக்கிற தெருவில் யாரும் ஹாரன்கூட அடிப்பதில்லை. மாட்டு வண்டிக்காரன் மாட்டைத் திருப்பிக்கொண்டு போவான், சைக்கிள்காரன் இறங்கித் தள்ளுவான். யாரும் சொல்லிக் கொடுத்து வருகிற வழக்கம் அல்ல.

ஏழாவது பஸ் முசரவாக்கத்திலிருந்து காலை டிரிப் வந்துகொண்டிருந்தது. டிரைவர் அந்த ஊர்க்காரர்தான், விவசாயக் குடும்பம், கம்பெனியில் பதினோரு வருடம் ஓட்டியவர். வழக்கமான தெருவில் பாவு கிடந்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஏரிக்கரை ரோட்டில் திருப்பினார். அங்கே ஏரியின் உபரித் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடிக்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் முன்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எஞ்சினின் கீழ்ப்பாதி தண்ணீரில். பத்து மணிக்கு மேல் டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிவரை சேறு. டாஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது.

தண்ணீர் ஓடுகிற ரோட்டில் வண்டியை இறக்கக் கூடாது, இறக்கிச் சேதம் வந்தால் வேலை போகும் என்பது கம்பெனி விதி. சேரும்போதே எல்லா டிரைவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

“நின்னு வர வேண்டியதுதானேய்யா? பாவு எடுத்தப்புறம் வந்தா இன்னா கெட்டுப் போச்சு?” என்று மானேஜர் கத்தினார்.

“நாப்பது பேரு உள்ள இருந்தாங்க சார். ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்கு. பாவு எடுக்க பத்து மணி ஆவும்.”

“அதுக்கு ஏரில வுட்டுடுவியா?”

“பாவு மேல வுட சொல்றீங்களா? அப்புறம் அந்தத் தெருவுல நம்ம வண்டி எந்த ஜென்மத்துக்கும் போவ முடியாது சார்.”

மானேஜர் என் பக்கம் திரும்பினார். “நீ பாரும்மா. டைனமோ தண்ணியில போயிருந்தா இவரு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். போவலன்னா ஒரு வார்னிங்கோட வுட்டுடறேன். போச்சா, போவலியா? ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடு.”

அந்த ஷெட்டில் எனக்கு ஒப்படைக்கப்பட்ட முதல் முழு வேலை அது.

நோட்டில் எண் போட்டு ஆரம்பித்தேன். ஒன்று, பேட்டரி நன்றாக இருக்கிறது. இரண்டு, ஃபேன் பெல்ட்டில் வழவழவென்று சேறு, கப்பி சுற்றினாலும் பெல்ட் வழுக்குகிறது. மூன்று, வயர் முனைகளில் சேறு, சுரண்டித் துடைத்தேன். நான்கு, பெல்ட்டைக் கழற்றிக் கையால் ஆல்டர்னேட்டரின் கப்பியைச் சுற்றினால் உள்ளே நறநறவென்று மணல். இதற்கு மேல் கழற்றாமல் பார்க்க முடியாது.

டிரைவர் கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பேண்டில் முட்டிவரை சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

“இன்னாமா, பொழைக்குமா?”

“தெரியலண்ணா. தொறந்து பாத்தாத்தான்.”

“மாட்டாஸ்பத்திரி டாக்டர் மாதிரியே சொல்ற. அவரும் இப்படித்தான் சொன்னாரு, சாயங்காலம் மாடு செத்துப் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “மூணு பொண்ணுமா எனக்கு. பெரியவள கேட்டு வந்துக்கினு இருக்காங்க. பஸ் டிரைவர்னு சொல்லித்தான் பேச்சே ஆரம்பிச்சது,” என்றார்.

திறந்தேன். உள்ளே சுற்றுகிற வளையங்கள்மேல் சேறு பூசினாற்போல் படிந்திருந்தது. அந்த வளையங்களைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டிய இரண்டு கார்பன் கட்டைகளும் கூட்டுக்குள்ளேயே சிக்கி நின்றுவிட்டன. தொடாவிட்டால் மின்சாரம் இல்லை. சார்ஜ் ஏறாததற்கு அதுவே போதும். டயோடுகளை ஒவ்வொன்றாக, ஒரு பேட்டரியும் ஒரு சின்ன பல்பும் வைத்துச் சோதித்தேன். ஒரு பக்கம் கொடுத்தால் பல்பு எரிந்தது, மாற்றிக் கொடுத்தால் எரியவில்லை. ஆறும் அப்படியே. ஆறும் உயிரோடு இருந்தன.

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். இருபது வருடத்துக்கு மேலாக ஷெட்டுக்குத் தலைமை மெக்கானிக். “பெட்ரோல்ல முக்கி எடும்மா. அஞ்சு நிமிசத்துல பளிச்சுனு ஆயிடும்.”

“வேணாம் மேஸ்திரி. காயில்மேல பூசியிருக்கிற வார்னிஷ் எளகிடும். காய வெச்சு பிரஷ்ல தட்டி எடுத்துடறேன்.”

“எத்தினி டைனமோவ முக்கியிருக்கேன் தெரியுமா?”

“இது டைனமோ இல்ல மேஸ்திரி.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “ஆங், டிப்ளமோம்மா சொல்லிடுச்சுப்பா, இனிமே அவ்ளோதான்,” என்றது ஒரு குரல். மேஸ்திரி போய்விட்டார்.

மறுநாள் காலை எல்லாப் பாகங்களையும் ஒரு தகரத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். மணிக்கொரு முறை திருப்பிப் போட்டேன். காய்ந்த சேற்றைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். வளையங்களை நைசான உப்புத்தாளால் தேய்த்து மினுக்கினேன். கார்பன் கட்டைகள் கூட்டுக்குள் தாமாக இறங்கி ஏறுகிறவரை சுத்தம் செய்தேன். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மாட்டி முடித்து எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். சிவப்பு விளக்கு அணைந்தது. மீட்டரில் முள் பதினாலு வோல்ட்டில் நின்றது. ஒன்பதாவது எண்ணுக்கு எதிரே மையால் எழுதினேன்: சார்ஜ் சரியாக ஏறுகிறது.

“அந்த முள்ளு இன்னா சொல்லுது?” என்றார் டிரைவர்.

“பொழைச்சுடுச்சுண்ணா.”

அவர் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு, மானேஜர் நாலு மணிக்குத்தான் வருவார் என்று தெரிந்தும் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

அப்போதுதான் மேஸ்திரி மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். “மீட்டர் ஆயிரம் சொல்லும்மா. வயரக் கழட்டிப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

டைனமோக்காரர்களின் சோதனை அது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றிவிடுவார்கள். விளக்கு தொடர்ந்து எரிந்தால் டைனமோ நல்லது. அந்த ஊரில் எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் பார்த்தார்கள், தவறு சொல்ல ஒன்றும் இல்லாமல் இருபது வருடம் ஓடியிருந்தது. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்யக் கூடாது. பேட்டரி இருக்கிறவரை அது ஏறுகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். ஓடும்போது அதைக் கழற்றினால் வோல்ட்டேஜ் ஒரே தாவலாக ஏறி டயோடுகளை எரித்துவிடும். ஆல்டர்னேட்டரோடு வந்த கையேட்டில் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் நான்தான் கோடு போட்டு வைத்திருந்தேன்.

“இதுல அப்படிச் செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு மேஸ்திரி,” என்றேன்.

“ஒரு செகண்டும்மா. கழட்டிட்டு ஒடனே வெச்சிடு. நீதானே மாட்டுன, உன் கையாலயே கழட்டு. நாங்க பாக்கறோம்.”

ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இன்னொருவர் ஸ்பேனரைத் தன் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்தார். யாரோ டீ கிளாஸை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். “டிப்ளமோம்மா கை ராசி பாப்போம்பா,” என்றார்கள். அந்தச் சிரிப்பில் முந்தின நாள் இருந்த முள் இல்லை. நான் வந்து பேச்சு நிற்காதது அதுதான் முதல் தடவை. எட்டு மாதத்தில் முதல் தடவை.

தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் கழற்றினேன்.

ஹெட்லைட் இரண்டும் பளீரென்று வெள்ளையாக எரிந்தன. “பாத்தியா, இன்னா வெளிச்சம்!” என்று ஒருவர் கத்தி முடிப்பதற்குள் இரண்டும் அணைந்தன. எங்கிருந்தோ கருகல் வாசனை வந்தது. வயரைத் திரும்ப மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முள் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே கிடந்தது.

பிறகு மேஸ்திரி சொன்னார், “தண்ணி குடிச்ச சாமான். இன்னிக்குப் போவலன்னா நாளைக்குப் போயிருக்கும்.”

திரும்பவும் கழற்றிப் பார்த்தேன். ஆறு டயோடுகளில் நான்கில் பல்பு இரண்டு பக்கமும் எரிந்தது. வளையங்கள் நான் மினுக்கியபடியே பளபளப்பாக இருந்தன. ஒரு துளி ஈரம் இல்லை.

மேஸ்திரி என் நோட்டை எட்டிப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது. “அந்த ஒம்பதாவத அடிச்சுடும்மா. சார்ஜ் ஏறலன்னு எழுது. அவனுக்கு நெலம் இருக்குது, வேற கம்பெனி கூட கெடைக்கும். எனக்கு இந்த வயசுல எங்க கெடைக்கும்? உனக்குத்தான் இன்னொருத்தன் வேல குடுப்பானா?”

மானேஜர் வந்து ரிப்போர்ட் கேட்டார். “இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு சார்,” என்றேன். அதுவரை டிரைவருக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வாசலில் நின்ற டிரைவர் என்னைப் பார்த்தார். “முள்ளு நல்லாதானேமா சொல்லிச்சு?” என்றார். நான் நோட்டை மூடிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன்.

அடுத்த இரண்டு நாளும் அவர் காக்கி உடுப்போடு காலையில் வந்து கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் உடுப்பு மாட்டாமல் இருந்தால் கேள்வி வரும் என்பதற்காக வந்திருப்பார்.

அந்த இரண்டு நாளும் நான் தனியாகச் சாப்பிடவில்லை. முதல் நாள் மத்தியானம், “இன்னாமா அங்க உக்காந்துக்கினு, இங்க வாம்மா,” என்று வேப்பமரத்தடியிலிருந்து மேஸ்திரியே கூப்பிட்டார். போனேன். ஒருவர் மனைவி செய்த கருவாட்டுக் குழம்பு என் சோற்றில் விழுந்தது. மாமியார் கதை சொன்னார்கள், மானேஜர் செருப்பைத் தேடிய கதை சொன்னார்கள். நானும் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் உப்புமாவுக்குப் போட்ட ஸ்டிரைக்கைப் பற்றிச் சொன்னேன். “அடேங்கப்பா, டிப்ளமோம்மா பேசுதுப்பா!” என்று சிரித்தார்கள். அன்று நான் எத்தனை வாக்கியம் பேசினேன் என்று எண்ணவில்லை. நோட்டைத் திறக்கவே இல்லை.

இரண்டாம் நாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஊறுகாய்க்காகக் குனிந்தார். அவர் தோளுக்கு மேலே கேட் தெரிந்தது. டிரைவர் பெஞ்சில் டிபன் கேரியரைப் பிரித்து, ரோட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் இதே மரத்தடியில் சாப்பிட்டவர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் பேசவும் இல்லை. அவர் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பத்தாவது எண்ணை எழுதினேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயர் கழற்றப்பட்டது. அதனால் டயோடு நான்கு எரிந்தன. தண்ணீரால் வந்த பழுது அதற்கு முன்பே முழுவதும் சரிசெய்யப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு மானேஜர் மேசையில் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். “யார் கழட்டினது?”

“நான் சார்.”

“யார் கழட்டச் சொன்னது?”

“கழட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் சார்.”

“நான் கேட்டது அது இல்ல.”

“கூடாதுன்னு தெரிஞ்சவ நான் மட்டும்தான் சார்.”

அவர் ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும். இருந்தும் அதற்கு மேல் கேட்கவில்லை. மேஸ்திரி இல்லாமல் ஆறு பஸ்ஸும் ஓடாது. நான் இல்லாமல் ஓடும். டிரைவரைக் கூப்பிட்டு வார்னிங்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மத்தியான டிரிப்புக்கு ஒரு பழைய வண்டியைக் கொடுத்தார். மறுநாளிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றினார். சாமான் எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. வண்டிப் பக்கம் போகக் கூடாது.

மரத்தடிக்கு அதன்பின் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாமான் கேட்டு வருவார்கள், பெயரைச் சொல்வார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். மேஸ்திரி தான் வராமல் ஆள் அனுப்புவார். அவர் பெயரை நான் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் வரவில்லையோ என்று சில நாள் தோன்றியிருக்கிறது.

பத்து நாள் கழித்து மதராஸிலிருந்து புது ஆல்டர்னேட்டர் வந்து, ஏழாவது பஸ்ஸில் மாட்டினார்கள். ஹெட்லைட் பல்பு வாங்க டிரைவரே ஸ்டோருக்கு வந்தார். சீட்டைக் கொடுத்தார். இரண்டு பல்பை எடுத்துக் கவுன்டரில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார். ஆனால் போகவில்லை.

“ரெண்டு நாளு அவங்களோட சாப்ட்டுக்கினு இருந்த. பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“ஆமாண்ணா.”

“மொத நாளே எழுதியிருக்கலாமில்ல?”

“எழுதியிருக்கணும்ணா.”

“எம் பொண்ணு கேட்டாமா, இன்னாப்பா வண்டிச் சத்தமே கேக்கலன்னு. ஊர் கடைசில திரும்பறப்போ ஹாரன் அடிப்பேன் நான், வீட்டுக்குக் கேக்கும். ரெண்டு நாளு அவளுக்கு ஒரு பொய் சொல்லிக்கினு இருந்தேன்.”

அவர் எதற்கோ காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்குமோ, எனக்குத்தான் சுலபமாக இருந்திருக்குமோ தெரியவில்லை. ‘தனியா இருந்தேன்ணா’ என்று சொன்னால் அது காரணமாகத்தான் இருக்கும், பதிலாக இருக்காது. நான் பதிவேட்டைப் பார்த்தபடி நின்றேன்.

பல்பு இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பஸ் கேட்டைத் தாண்டுவது கேட்டது. முசரவாக்கம் டிரிப். ஸ்டோரிலிருந்து ரோடு தெரியாது. கியர் மாறி மாறி, சத்தம் முழுக்கத் தேய்ந்துபோகிறவரை நின்றுவிட்டு, அடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். நட்டு, வாஷர், அரை லிட்டர் பிரேக் ஆயில்.